நிலம் இடது கைப் பக்கம்

காலையில் சைக்கிளை வலம் வந்த பிறகே ஜம்புலிங்கம் அதன்மேல் ஏறுகிறார். வாசலில் அது எந்தத் திசையில் முகம் வைத்து நின்றாலும் சரி, தன் வலது கைப் பக்கம் அது இருக்கும்படி ஒரு சுற்று வந்து, பின்சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டி, அப்புறம்தான் பெடலில் கால். இந்து மகா சமுத்திரத்தில் எத்தனை தீவு உண்டோ அத்தனையையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், வாழ்நாளில் எதையுமே இடப்பக்கமாகச் சுற்றாத இன்னொரு மனிதர் அகப்பட மாட்டார். சரி, சமுத்திரம் கொஞ்சம் கூடுதல்தான். இந்தத் தீவில் லம்பா லைனிலிருந்து அபர்டீன் பஜார் மணிக்கூண்டு வரைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ‘வாழ்நாளில்’ என்பதும் கூடுதல்தான். ஒரே ஒரு தடவை சுற்றியிருக்கிறார். அதைப் பிறகு சொல்லலாம்.

தேநீரில் கரண்டி வலஞ்சுழியாகச் சுழல வேண்டும். கடைக்காரர் மறதியாக இடஞ்சுழியாகக் கலக்கிக் கொடுத்துவிட்டால், கரண்டியை வாங்கி, அந்தச் சுழல் நின்று எதிர்ச்சுழல் பிடிக்கும்வரை கலக்கிவிட்டுத்தான் குடிப்பார். வீட்டில் மனைவி தனபாக்கியம் மாவாட்டும்போது குழவி எந்தப் பக்கம் போகிறது என்று எட்டிப் பார்ப்பார். அவள் அவர் தலை தெரிகிறவரை வலப்பக்கமும், தலை மறைந்ததும் கைக்கு வந்த பக்கமும் ஆட்டுவாள். அலுவலகத்தில் மை இருக்கிற அலமாரி அவருடைய நாற்காலிக்கு இடப்பக்கம், கை நீட்டினால் எட்டும். அவரோ எழுந்து, அறையைக் கடந்து, தாழ்வாரத்தைக் கடந்து, வெளியே நிற்கிற ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே வந்து மை எடுப்பார். ஒரு நாள் பாதிச் சுற்றில் ஜீப் கிளம்பிவிட, சுற்றை முடிப்பதற்காக அதன் பின்னாலேயே ஹாடோ வரைக்கும் நடந்தார் என்று அலுவலகத்தில் சொல்வது மட்டும் பொய். ஜங்லிகாட்டோடு நின்றுவிட்டார்.

ஐம்பது தாண்டிய, ஒட்டடைக்கம்பு போன்ற உடம்பு. காதில் பென்சில். நில அளவை அலுவலகத்தில் டிராப்ட்ஸ்மேன். தாத்தா வெள்ளைக்காரன் காலத்துத் தண்டனைக் கப்பலில் வந்தவர். ஜம்புலிங்கம் சொல்கிற கதையில் தாத்தா ஒரு ஜமீன்தாரை வெட்டினார். தனபாக்கியம் சொல்கிற கதையில் ஜமீன்தாரின் ஆட்டை வெட்டினார். எப்படியானாலும் பேரன் மெயின்லேண்டை இரண்டே முறை பார்த்தவர். இரண்டு முறையும், ‘ஜியாதா பீடு, ஒரே கூட்டம், நமக்கு ஒத்துவராது’ என்று அடுத்த கப்பலில் திரும்பிவிட்டார்.

அலுவலகத்தில் மற்றவர்கள் மேசையில் உட்கார்ந்து வரைவார்கள். இவர் மட்டும் தான் வரையப்போகிற நிலத்தைக் காலால் ஒரு தரம் மிதித்தாக வேண்டும். அளக்கிற குழுவோடு தானும் காட்டுக்குப் போவார். கால்சராயைக் காலுறைக்குள் செருகி, அட்டைப்பூச்சிக்குப் பயந்து புகையிலைத் தண்ணீரைத் தடவிக்கொண்டு, எல்லையோரமாக நடப்பார். அவருக்கு முன்னால் அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு போகிறவர் செபஸ்தியான்.

செபஸ்தியான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து மீன் பிடிக்க வந்தவர். வந்த சில வருடங்களில் டூங்கிப் படகுக்கும் துறைமுக ஜெட்டிக்கும் நடுவில் இடது கை அகப்பட்டு விரல்கள் நசுங்கின. வலை இழுக்க உதவாத அந்தக் கை சங்கிலி இழுக்க உதவியது. அப்படியே செயின்மேன் ஆகிவிட்டார். நெஞ்சில் நிரந்தரமாக ஓர் இருமல் குடியிருந்தது. ஏற்றத்தில் நாலு எட்டு வைத்தால் அது வெளியே வந்துவிடும். ஜம்புலிங்கம் அந்த நேரம் பார்த்துச் செருப்பில் கல் புகுந்துவிட்டதாகச் சொல்லி நின்றுகொள்வார். அவருடைய செருப்பில் புகுந்த கற்களைச் சேர்த்தால் ஒரு ஜெட்டி கட்டலாம்.

அளவு எங்கே தொடங்கியதோ அந்த முதல் எல்லைக் கல்லுக்கே திரும்பி வந்து, வலது காலைத் தூக்கி அதன்மேல் வைத்து, “சேந்தாச்சு” என்று சொன்னால்தான் ஜம்புலிங்கத்துக்கு ஒரு நிலம் அளந்து முடிந்தது. மழை கொட்டினாலும், முதல் கல் முள்ளுக்குள் போய்விட்டாலும் விடமாட்டார். அதைச் சொல்லாமல் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். செபஸ்தியான் முன்னாலேயே போய்க் கல்லைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி வைப்பார். “கால வைங்க அண்ணாச்சி, எனக்குத் தாகமா இருக்கு” என்பார்.

அப்படி அளந்த நிலங்களில் ஒன்று செபஸ்தியானுடையது. சௌல்தாரியில், சர்க்கார் குடியேற்றிய செட்டிலர்களின் கடைசி வீட்டையும் தாண்டி, காட்டுக்குள்ளே ஒரு சரிவு. அவரும் மனைவி செலினும் வேரோடு மல்லுக்கட்டித் திருத்தியது. பாக்கு, வாழை, மிளகுக்கொடி, நடுவில் மூங்கில் தட்டி வீடு, வீட்டுக்குள் ஒரு மாதா படம். நாலு புறமும் சர்க்கார் காடு. மற்ற செட்டிலர்களின் நிலத்துக்கெல்லாம் அலுவலகத்தில் பழைய வரைபடம் உண்டு. இந்தத் துண்டுக்கு எந்தக் காகிதத்திலும் ஒரு கோடு கிடையாது. திருத்தி முடித்த நிலங்களை அளந்து மெயின்லேண்டுக்கு அனுப்பினால் வரைபடமும் பட்டாவும் வரும் என்று உத்தரவு வந்தபோது, செலின் அந்த வாரமே முருங்கைக் கிளை நட்டாள். பட்டா இல்லாத மண்ணில் மரம் வைக்க மாட்டேன் என்று அதுவரைக்கும் பிடிவாதமாக இருந்தவள் அவள். பாக்கும் வாழையும் அவள் கணக்கில் மரமில்லை.

அந்த உத்தரவோடு கூடவே வந்தவர் கிருஷ்ணமூர்த்தி. மெயின்லேண்டுப் பெரிய அலுவலகத்து இளைஞர். கப்பலில் வந்த வாந்தி முகத்தோடு, பச்சைக் கட்டம் அச்சடித்த தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து மேசையில் இறக்கினார். இனிமேல் தீவிலிருந்து வரைபடமாக எதுவும் அனுப்பக் கூடாதாம். எல்லாவற்றையும் எண்ணாக மாற்றி, ஒரு கட்டத்துக்கு ஓர் எண் வீதம் எழுதி அனுப்ப வேண்டுமாம். அங்கே ஒவ்வொரு வரியையும் ஒரு துளை அட்டையாக்கி கம்ப்யூட்டருக்குக் கொடுப்பார்கள். அது படித்து, தானே கணக்குப் போட்டு, தானே வரைந்துவிடும். எந்த ஊர் அலுவலகம் எழுதினாலும் எந்த ஊர் இயந்திரமும் படிக்கலாம். வரிசையும் கட்டமும் மாறாமல் இருந்தால் போதும்.

அலுவலகமே முகத்தைச் சுளித்தது. ஜம்புலிங்கத்துக்கு மட்டும் பிடித்துப்போயிற்று. கிருஷ்ணமூர்த்தி விட்டுப்போன விளக்கப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், சாப்பாட்டுத் தட்டுக்கு வலப்பக்கம் வைத்துப் படித்தார். சில நாட்களில் அது முழுசாக உள்ளே போய்விட்டது. போனதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அடுத்த தடவை சௌல்தாரியில் கட்டுச்சோற்றைப் பிரித்ததும் செபஸ்தியானிடம் சொன்னார்.

“மொத வரி தலை. ஊர் நம்பரு, ஸ்கேலு, மொத்தம் எத்தனை கல்லு, எல்லாம் அதுல. தலையப் பாத்துத்தான் மிஷினு ஒடம்பப் படிக்கும். அதுக்குக் கீழ கல்லுங்க. ஒரு கல்லுக்கு ஒரு நம்பரு, கெழக்க எவ்வளவு, வடக்க எவ்வளவு, பஸ், அவ்வளவுதான். கடைசியிலதான் நெலம். ஆனா நெலம்னு தனியா ஒண்ணு கெடையாது செபஸ்தி. எந்தக் கல்லத் தொட்டு எந்தக் கல்லுக்குப் போவணும்ங்கிற வரிசை இருக்கே, அதான் நெலம்.”

செபஸ்தியான் கருவாட்டை ஓரமாக ஒதுக்கி யோசித்தார். “அப்ப இது வலை மாதிரில்லா அண்ணாச்சி. முடிச்சப் போட்டு நூல இழுத்தாக் கண்ணு தானா வருது. கண்ணுன்னு தனியா ஒண்ணக் கடையில விக்கானா?”

ஜம்புலிங்கம் சோற்றை விட்டுவிட்டு அவரையே பார்த்தார். மெயின்லேண்டுக்காரர் இந்தி, இங்கிலீஷ், தமிழ் மூன்றிலும் சொல்லித் திணறியதைவிட இது நன்றாக இருந்தது. உற்சாகத்தில் கடைசி விதியையும் சொன்னார். சுற்றி வந்து முடிக்கும்போது முதல் கல்லின் எண்ணைத் திரும்ப எழுத வேண்டும். எழுதாவிட்டால் இயந்திரம் வாயைத் திறந்துகொண்டு அடுத்த கல் எங்கே என்று நிற்கும்.

“அங்கயும் நம்ம சேந்தாச்சுதானா?”

“அங்கயும் அதேதான்” என்றார் ஜம்புலிங்கம், அந்த இயந்திரத்தைத் தானே பெற்றவர் மாதிரி.

ஒரு விதியை மட்டும் அவர் செபஸ்தியானிடம் சொல்லவில்லை. புத்தகத்தில் அது ஒரே ஒரு வரி. கிருஷ்ணமூர்த்தி அதை வாயாலும் சொல்லியிருந்தார். “மிஷினுக்குக் கண்ணு கிடையாது சார். நீங்க எழுதற வரிசையில அது கண்ணை மூடிண்டு நடக்கும். நடக்கறச்சே அதோட இடது கைப் பக்கம் என்ன இருக்கோ, அதை நிலம்னு எடுத்துக்கும்.”

வலது கைப் பக்கம் இருந்தால் என்ன ஆகும் என்று ஜம்புலிங்கம் கேட்டார். அதை நிலத்துக்குள்ளே இருக்கிற ஓட்டையாக எடுத்துக்கொள்ளும் என்றார் அவர். குளம், குட்டை, நடுவில் வெட்டியெடுத்த துண்டு, இவற்றுக்கெல்லாம்தான் வலது. அது ஏன் இடது என்று ஜம்புலிங்கம் விடாமல் கேட்டார். கிருஷ்ணமூர்த்திக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. “ஏதாவது ஒரு பக்கம் வைக்கணுமே சார்” என்றார்.

அவர் இடப்பக்கம் சுற்றிய அந்த ஒரு தடவையைச் சொல்ல வேண்டிய இடம் இது. ஜப்பான்காரன் தீவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அரிசிக் கப்பல் வராமல் போனது. ஊரே கிழங்கும் இலையும் தின்றது. ஜம்புலிங்கத்தின் அப்பா தன் பங்குக் கிழங்கைப் பிள்ளை பக்கம் தள்ளித் தள்ளியே ஒரு நாள் எழுந்திருக்காமல் போய்விட்டார். ஈர விறகு அடுக்கிய சிதையை, தோளில் ஓட்டைக் குடத்தோடு, இடது கைப் பக்கம் அப்பாவை வைத்துச் சுற்றியவர் அவர்தான். குடத்திலிருந்து தண்ணீர் முதுகில் வடிந்தது. விறகு பிடிக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் போ என்றார்கள். போய்விட்டார். தீ பிடித்ததா என்று இன்றுவரைக்கும் அவருக்குத் தெரியாது. யாரையும் கேட்டதுமில்லை. இடது கைப் பக்கம் ஒன்றை வைத்துச் சுற்றி வந்தால் அது போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவர் எதையும் அந்தப் பக்கம் சுற்றவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் பச்சைக் கட்டத்தில் செட்டிலர் நிலங்களை எழுத உட்கார்ந்தால் எந்தப் பக்கமாக எழுதுவார்? விதி அவருக்குத் தெரியும். புரியாமல் செய்தார் என்று யாராவது அவருக்காகப் பரிந்து பேசினால் அவருக்கே கோபம் வரும். கல் அதே கல், எண் அதே எண், சுற்றி வந்து சேர்வதும் அதே இடம். இதில் எந்தப் பக்கமாக வந்தால் என்ன, இயந்திரத்துக்கு அதுகூடவா தெரியாது என்று நினைத்தார். ஒவ்வொரு குடும்பத்தின் நிலத்தையும், அதில் அடுப்பு எரிகிறது, பிள்ளை தவழ்கிறது என்று நினைத்துக்கொண்டே, வலம் வந்து எழுதினார். செபஸ்தியானின் துண்டைக் கடைசியில், நல்ல கையெழுத்தில் எழுதினார். தாள்கள் கப்பலேறின.

மழைக்காலம் முடிந்து பதில் வந்தது. இரண்டு ஓரமும் துளை போட்ட, மடித்து மடித்து வைத்த ஒரே நீளக் காகிதம். பிரித்துப் பிடித்தபோது தாழ்வாரம் முழுக்க ஓடியது. செட்டிலர் நம்பர், நிலத்தின் நம்பர், பரப்பு. பரப்பு ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்னக் கோடு. மைனஸ். கிழக்கையும் வடக்கையும் பெருக்கிக் கழித்துப் பரப்புப் போடுகிற கணக்கில், திசை மாறினால் விடை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும் என்பதை இயந்திரம் நாணயமாகச் செய்து காட்டியிருந்தது. கூடவே வந்த வரைபடத்தில் காடு பச்சையாக இருந்தது. நிலம் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஓட்டை.

அலுவலகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ‘ஜம்புலிங்கம் சாப் அளந்த ஊரில் ஒவ்வொருவனும் சர்க்காருக்கு நிலம் பாக்கி’ என்று ஒருவர் சொல்ல, அது கேன்டீன் வரைக்கும் போயிற்று. ஜம்புலிங்கமும் சிரித்தார். பெரிய ஆபீசர் பழைய வரைபடங்களை எடுத்துவரச் சொல்லி, ஒத்துப் பார்த்து, சிவப்பு மையால் மைனஸ்களை ஒவ்வொன்றாக அடித்தார். கடைசி வரிக்கு வந்தபோது பேனா நின்றது. செபஸ்தியானின் துண்டுக்கு ஒத்துப் பார்க்கப் பழைய வரைபடம் இல்லை. இயந்திரம் சொன்னது ஒன்றுதான் சாட்சி. அது அங்கே ஓர் ஓட்டை என்று சொல்கிறது.

அதற்கும் வழி இருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் தலைகீழ் வரிசையில் திருத்தி எழுதி, ஜெட்டியில் நிற்கிற கப்பலிலேயே அனுப்பிவிட்டால் போதும் என்றார் ஆபீசர். திருத்தம் ஏற்க அதுதான் கடைசிக் கப்பல்.

ஜம்புலிங்கம் புதிய தாள் எடுத்தார். முதல் கல்லின் எண்ணை எழுதினார். அடுத்த எண்ணுக்குப் பேனாவைக் கொண்டுபோனபோது தாழ்வாரத்தில் செபஸ்தியான் இருமினார். சங்கிலியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அது வழக்கமான இருமல் இல்லை. சமீபத்தில் துணியை வாயில் வைத்து இருமுகிறார். துணியை மடித்து, யாருக்கும் காட்டாமல், இடுப்பில் செருகிக்கொள்கிறார். ஜம்புலிங்கத்தின் கண்முன்னே அந்தச் சரிவு, மூங்கில் தட்டி வீடு, வாசலில் உட்கார்ந்து இருமுகிற மனிதன். அதை இடது கைப் பக்கம் வைத்து ஒவ்வொரு கல்லாகச் சுற்றி வர வேண்டும். பேனா அந்த அடுத்த கட்டத்துக்கு மேலேயே நின்றது. மை காய்ந்தது. பிறகு அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, வெள்ளைத்தாள் எடுத்து, நல்ல இங்கிலீஷில் ஒரு விண்ணப்பம் எழுதினார். நிலத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பது வழக்கத்தைப் பொறுத்தது. கற்கள் சரியாக இருக்கும்போது குறியைப் பொருட்படுத்த வேண்டாம் என்று இயந்திரத்துக்குத் தயவுசெய்து உத்தரவிட வேண்டும். கப்பல் அந்த விண்ணப்பத்தைத்தான் கொண்டுபோயிற்று.

தனபாக்கியத்திடம் அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னார். தன் பக்கம் பேசுவாள் என்று நினைத்திருக்கலாம். அவள் முறத்தை நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். “அவங்க வேதக்காரங்க. அவங்க மாதா கோயில் சப்பரம் எந்தப் பக்கம் சுத்தும்னு அந்த அண்ணனக் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. இத்தனை வருடம் கூடவே நடந்தும் கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் கேட்டார்.

“எங்க சப்பரமா?” என்று செபஸ்தியான் யோசித்தார். “ரோடு எந்தப் பக்கம் நல்லாருக்கோ அந்தப் பக்கம் போவும். மழையில சேறா இருந்தா இப்பிடி, காஞ்சு கெடந்தா அப்பிடி. எதுக்குக் கேக்கிய?”

அப்போதுதான் ஜம்புலிங்கம் சொன்னார். இடது, வலது, அப்பாவின் சிதை, மைனஸ், கப்பல், விண்ணப்பம் எல்லாவற்றையும், தலை வரியிலிருந்து தொடங்கி, வரிசை மாறாமல் சொன்னார். செபஸ்தியான் சங்கிலியைக் கீழே வைத்தார்.

“ஒரு வரியா அண்ணாச்சி?”

“ஒரு வரி.”

“நான் செத்துருவன்னு பயந்துட்டியளோ?”

ஜம்புலிங்கம் குனிந்து அந்தச் சங்கிலியை எடுத்துச் சுருட்டத் தொடங்கினார். செபஸ்தியானுக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியில் இருமலாயிற்று. துணியை எடுத்து வாயில் வைத்து, மடித்து, செருகிக்கொண்டார். இந்த முறை மறைக்கவில்லை. “நான் இருக்கம்லா” என்றார்.

விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. ஓர் அலுவலகத்துக்காக எல்லா அலுவலகங்களுக்கும் பொதுவான முறையை மாற்ற இயலாது. திருத்தக் காலம் முடிந்தது. அவ்வளவுதான், கீழே கையெழுத்து. அன்றே ஜம்புலிங்கம் அந்த வரியை இடது பக்கமாகத் திருப்பி எழுதினார். நின்று யோசிக்கவில்லை, ஒரு குவளைத் தேநீர் ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. எழுதி முடித்துவிட்டு, இவ்வளவுதானா என்று அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கப்பலில் அனுப்பினார். அதற்கடுத்த கப்பலிலும் அனுப்பினார். இப்போதும் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு தாள் எழுதுகிறார். தபால் கட்டுகிற பியூன் முன்பெல்லாம் சிரிப்பான். இப்போது பேசாமல் வாங்கி வைத்துக்கொள்கிறான். இயந்திரம் போட்ட வரைபடத்தைக் காட்டு இலாகா வாங்கிக்கொண்டது. நடுவில் இருந்த ஓட்டை யாருடைய பெயரிலும் இல்லை என்பதால் அதையும் சேர்த்துப் பச்சையாக்கிக்கொண்டது.

காட்டு இலாகா சௌல்தாரிக்கு எல்லைக் கம்பம் நட வந்த நாளில் ஜம்புலிங்கமும் போனார். கூப்பிட்டவர் யாருமில்லை. காட்டுக் காவலன் பழனிசாமி அவருக்குத் தெரிந்தவன். சேலம் பக்கத்துப் பையன், சர்க்கார் சொல்வதைச் செய்கிறவன், காலையில் செலின் கொடுத்த கடுங்காப்பியைத் தலை நிமிராமல் வாங்கிக் குடித்தவன். வீட்டின் தட்டிகளை அவிழ்த்து அடுக்கியாயிற்று. அம்மியை இரண்டு பேர் தூக்கிப் பாதை வரைக்கும் கொண்டுபோனார்கள். செலின் மாதா படத்தைச் சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெட்டிய வாழையின் மேல் உட்கார்ந்திருந்தாள். முருங்கை ஆள் உயரம் வளர்ந்திருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு போகலாமா என்று பழனிசாமியைக் கேட்டாள். தாராளமாகக் கொண்டுபோகலாம் என்றான். கேட்டாளே தவிர எழுந்திருக்கவில்லை.

“அண்ணே, பூ எடுத்துருந்துச்சு” என்றாள் ஜம்புலிங்கத்திடம்.

அவர் தலையை ஆட்டினார். சட்டைப்பையில் இருந்த, அடுத்த கப்பலுக்கான தாளை எடுக்கப்போகிறவர் மாதிரி கை வைத்து, எடுக்காமல் விட்டார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முதல் கல்லுக்குப் போனார். வழக்கமாகப் போகிற பக்கம் அவர் முகம் ஒரு தரம் திரும்பியது. உடம்பு மறுபக்கம் திரும்பியது. நிலத்தை இடது கைப் பக்கம் வைத்து நடக்கத் தொடங்கினார்.

“என்னங்க சார், இன்னைக்கு ராங் சைடுல போறீங்க” என்றான் பழனிசாமி. கேலியாகத்தான் தொடங்கினான். முடிக்கும்போது குரலில் கேலி இல்லை. கம்பம் நடுகிறவர்கள் கடப்பாரையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பாக்கு வரிசை. மிளகுக்கொடி ஏறிய மரம். ஓடை திரும்புகிற மூலைக் கல். இந்தச் சரிவில் ஒவ்வொரு கல்லையும் நட்டபோது இருந்தவர் அவர். ஒவ்வொன்றின் எண்ணும் அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் குனிந்து தொட்டார். ஏற்றத்தில் மூச்சு வாங்கியபோது நின்று, பழக்கத்தில் செருப்பைப் பார்த்தார். காலில் செருப்பு இல்லை. யாருக்காகவும் நிற்க வேண்டியதும் இல்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

கடைசிக் கல்லைத் தொட்டு எழுந்தபோது முதல் கல் நாலு எட்டில் இருந்தது. அவர் சுற்றி வருவதற்குள் செபஸ்தியான் தன் துணி மூட்டையை அதன்மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். துணி வாயில் இருந்தது. ஜம்புலிங்கம் அங்கேயே நின்றுவிட்டார். வலது கால் ஒரு தடவை எழுந்து, எழுந்த இடத்திலேயே புல்லின்மேல் இறங்கியது.

“சேந்தாச்சு” என்றார், யாரையும் பார்க்காமல்.

செபஸ்தியான் துணியை எடுத்து மடித்தார். “சேரல அண்ணாச்சி” என்றார். “மொதக் கல்லு பாக்கி கெடக்கு.”

தரையில் கை ஊன்றி எழுந்தார். நசுங்கிய இடது கையாலேயே மூட்டையைக் கல்லின்மேலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கல்லைச் சுற்றியிருந்த புல்லைக் காலால் ஒதுக்கிவிட்டு, விலகி நின்றார்.